இருக்க அவகாசம்

திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் நான் குடியிருக்கும் ஃபிளாட்டின் கிழக்கு ஜன்னலில் ஒரு எக்ஸ்ரே தொங்குகிறது. ஆஸ்பத்திரியில் எடுத்துக் கையில் கொடுப்பார்களே, அதே நீலமும் கறுப்புமான பிலிம்தான். ஒரு பெண்ணின் முதுகெலும்பின் கீழ்ப்பாதியும் இடுப்பும் அதில் தெரியும். எலும்புகளுக்கு நடுவே சவரப் பிளேடால் வெட்டி எடுத்த ஓர் ஓட்டை. ஓட்டையின் வடிவம் முக்காலி. காலையில் வெயில் ஏறும்போது அந்த ஓட்டை வழியாக வெளிச்சம் புகுந்து என் வீட்டுத் தரையில் ஒரு முக்காலி விழும். முதன்முறை வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் நிமிர்வார்கள். பிறகு மெதுவாக, "இது யாருடைய முதுகு?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகவே நான் அதை அங்கே மாட்டி வைத்திருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். எனக்கு இந்தக் கதையைச் சொல்ல அவ்வளவு ஆசை.

அது என் மைனியின் முதுகு. அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் மைனி என்றுதான் சொல்வோம். தொண்ணூறுகளின் நடுவில் அண்ணனைக் கல்யாணம் செய்துகொண்டு ஆரியசாலையில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவளுக்கும் எனக்கும் பெரிய வயது வித்தியாசம் கிடையாது. நான் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தேன். அவள் பக்கத்தில் சாலை என்ற கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் விற்பனைப் பெண். எங்கள் வீடு மாடியில். கீழே மிளகாய் மண்டி. வந்த முதல் வாரம் மைனி தும்மிய தும்மலில் மண்டிக்காரர்களே பயந்துவிட்டார்கள். அடுத்த வாரம் அவள் மூக்கும் எங்கள் மூக்குகளைப் போலப் பழகிவிட்டது. பாறசாலைப் பக்கத்துத் தமிழ் வீட்டில் பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் படித்தது முழுக்க மலையாளம். தமிழ் எழுத்து அம்மா வீட்டில் வைத்துச் சொல்லிக் கொடுத்தது. அதனால் தமிழ் எழுதும்போது அவளுக்குள் முதலில் மலையாளம் வரும், பிறகு அதைத் தமிழ் எழுத்தில் இறக்குவாள். இதை இங்கேயே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் பின்னால் நடந்ததெல்லாம் இதனால்தான்.

அவள் வேலை பார்த்த கடையில் பெண்கள் இருக்கக் கூடாது. எங்கள் ஊர்த் தமிழில் இருப்பது என்றால் உட்காருவது. காலையில் ஷட்டர் தூக்கியதிலிருந்து இரவு இறக்கும்வரை நிற்க வேண்டும். வாடிக்கையாளர் இருந்தாலும் நிற்க வேண்டும், ஈ ஓட்டினாலும் நிற்க வேண்டும். மேஜைக்குப் பின்னால் ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது. "இருந்தா உறக்கம் வரும், உறக்கம் வந்தா யாவாரம் போவும்" என்று முதலாளி சொல்வாராம். முதலாளியும் நம் ஆள்தான், நாஞ்சில்நாட்டிலிருந்து வந்த குடும்பம். ஆள் கெட்டவரில்லை, தீபாவளிக்குத் துணி எடுத்துக் கொடுப்பார், யாருக்காவது காய்ச்சல் என்றால் ஆள் அனுப்பி விசாரிப்பார். ஆனால் அவர் மட்டும் கல்லாவில் மெத்தை போட்ட நாற்காலியில் இருந்துகொண்டுதான் இதையெல்லாம் செய்வார். கல்யாணமாகி ஒரு வருஷத்துக்குள் மைனிக்கு முதுகுவலி வந்துவிட்டது. டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "வேலை செய்யும்போது இடையிடையே இருந்து செய்யணும், கேட்டோ" என்றார். எந்தக் கடையில் போய் இருப்பது? மைனி அந்த பிலிமைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து வீடுவரை தலை குனிந்தபடியே வந்தாள். அப்படி அவளை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

கடையில் இருக்க இடம் கேட்டு அச்சடிக்கும் யோசனை எங்கிருந்து வந்தது தெரியுமா? எங்கள் மாடி ஜன்னலிலிருந்துதான். ஆரியசாலையில் மிளகாய் மூட்டை, மல்லி மூட்டை எல்லாவற்றின் மேலும் கடையின் அடையாளத்தை அடித்து அனுப்புவார்கள். எழுத்து வெட்டிய ஒரு தகரத் தகடு. அதைச் சாக்கின் மேல் வைத்துக் கறுப்பு மையில் தோய்த்த துணியால் ஓர் ஒத்து ஒத்தினால் போதும், அடுத்த மூட்டைக்குப் போய்விடலாம். மைனி தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டே அதைப் பார்த்தபடி நின்றாள். சட்டென்று திரும்பி, "பிள்ளே, பிளேடு இருக்கா?" என்றாள். அண்ணனின் சவரப் பிளேடு போயிற்று. எக்ஸ்ரேயைத் தரையில் விரித்து, தன் முதுகெலும்பின் மேலேயே முக்காலியை வெட்டினாள். தகரத்தைவிட பிலிம் நன்றாக வளைந்து கொடுக்கிறது என்று அவளுக்கு ஒரே குஷி. கடையில் கணுக்கால் வீங்கிப் போன இன்னொரு பெண்ணின் எக்ஸ்ரேயை வாங்கி வந்து அதில் எழுத்துகளை வெட்டினாள். படத்துக்கு ஒரு தகடு, எழுத்துக்கு ஒரு தகடு. தமிழ் எழுத்தை அப்படி வெட்டிப் பார்த்தால்தான் அதிலுள்ள கஷ்டம் தெரியும். சுழி உள்ள எழுத்தெல்லாம் நடுப்பகுதி கழன்று கீழே விழுந்துவிடும். அது விழாமலிருக்க அங்கங்கே சின்னப் பாலம் விட வேண்டும். முதல் 'அ' மூன்று முறை உதிர்ந்தது. ஒவ்வொரு முறையும் மைனி "சாரமில்ல, சாரமில்ல" என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டு மறுபடி வெட்டினாள்.

மலையாளத்தில் இரிக்கான் அவகாசம் வேணம் என்றால் உட்கார உரிமை வேண்டும் என்று பொருள். முதலாளியும் தமிழர், வருகிற கூட்டத்திலும் பாதி தமிழர். ஆகவே தமிழில்தான் போட வேண்டும் என்று மைனி முடிவு செய்து, மனதில் வந்த மலையாளத்தை அப்படியே தமிழாக்கி வெட்டினாள்: இருக்க அவகாசம் வேண்டும். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். கடையிலிருந்து வந்த மற்றப் பெண்களும் எட்டிப் பார்த்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை! நாங்கள் எல்லோரும் பகல் முழுக்க இரண்டு மொழியிலும் மாறிமாறிப் பேசுகிறவர்கள். எந்தச் சொல் எந்தப் பக்கத்தது என்று எங்களுக்குள் பிரித்துப் பார்க்கும் வழக்கமே இல்லை. தமிழில் அவகாசம் என்றால் நேரம் என்பது அன்றைக்கு எங்களில் யாருக்கும் உறைக்கவில்லை.

சுவரில் அடித்தால் போலீஸ் வரும், அல்லது முதலாளி சுண்ணாம்பு அடித்துவிடுவார். மைனிக்கு அதைவிடப் பெரிய சுவர் ஒன்று தெரிந்திருந்தது. கடையில் துணி போட்டுக் கொடுக்கும் காகிதக் கவர்களை மடித்து ஒட்டுவதும் இந்தப் பெண்களின் வேலைதான். சரக்கு அடுக்கி வைக்கும் மாடிக் கிட்டங்கியில், கூட்டமில்லாத காலை நேரத்தில் செய்வார்கள். ஓணத்துக்கு முந்தின வாரம் அவர்கள் மடித்த கவர் ஒவ்வொன்றின் அடிப்பக்கத்திலும் ஒரு முக்காலி ஏறியது, அதன் கீழே அந்த வரி ஏறியது. துணி பேல் கட்டுகளில் அடையாளமடிக்கும் அதே கடை மை. ஓணக்கோடி வாங்க வந்த திருவனந்தபுரமே கோரிக்கையைக் கையில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிற்று. முதலாளி தன் கையாலேயே கவரை எடுத்து, சிரித்துக்கொண்டே வாடிக்கையாளரிடம் கொடுப்பாராம். அதை நினைத்து நினைத்து மைனி சாப்பிட உட்கார்ந்தால் சிரிப்பாள், சோறு புரையேறும். பிற்காலத்தில் போராட்டக் கலை பற்றி எத்தனையோ கருத்தரங்குகளில் போய் உட்கார்ந்திருக்கிறேன். எதிராளியின் கருவியை எடுத்து அவர் வழியாகவே செய்தியைக் கொண்டுசேர்ப்பது என்று அங்கே விளக்குவார்கள். எனக்கு உடனே அந்தக் கவர் ஞாபகம் வரும், வாயை மூடிக்கொண்டு இருக்கப் பெரும்பாடு படுவேன்.

சங்கதி வெளியே வந்தது முதலாளியம்மாவால். அவர் கடைக்கு வந்து ஒரு சேலை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். வீட்டில் கவரைக் கவிழ்த்தபோது வரி கண்ணில் பட்டிருக்கிறது. இருக்க அவகாசம் வேண்டும் என்றால், உயிரோடு இருக்கக் கொஞ்சம் காலம் கொடுங்கள் என்று யாரோ கெஞ்சுவதாக அவருக்குத் தோன்றிவிட்டது. ராத்திரி புருஷன் வந்ததும் வராததுமாக, "ஆரை நீங்க இருக்க விடமாட்டேங்கீங்க? ஆரு பாவத்தை வாங்கிக் கொட்டிக்கிடுதீங்க?" என்று பிடித்துக்கொண்டார். மறுநாள் கடை திறந்ததும் முதலாளி பெண்கள் எல்லோரையும் கல்லாவுக்கு முன்னால் வரச்சொன்னார். கோபப்படுவார் என்று நினைத்துக்கொண்டு போனவர்களிடம் அவர் தாம்பூலம் மென்றபடி மெதுவாகக் கேட்டார்: "அவகாசம் கேட்டிருக்கீங்க. செரி. எவ்வளவு அவகாசம் வேணும்?"

மைனிக்கு அந்த நிமிஷத்தில்தான் விழுந்த குழி தெரிந்தது. "முதலாளி, நாங்க நேரம் கேக்கல்ல. அவகாசம். அவகாசம்னா... மத்ததில்லா!" என்றாளாம். அந்த மற்றதற்குத் தமிழில் என்ன சொல்வது? நாக்கு நுனியில் நிற்கிறது, வரமாட்டேன் என்கிறது. மற்றப் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். எல்லோரிடமும் மலையாளச் சொல் இருக்கிறது, தமிழ்ச் சொல் ஒருவரிடமும் இல்லை. முதலாளி சாலைக் கடைத்தெருவில் பிறந்து வளர்ந்தவர், மலையாளத்தில் பேரம் பேசினால் நம்பூதிரியே தோற்றுப்போவார். அவருக்கா அர்த்தம் தெரியாது? "தமிழ்லதானே எழுதியிருக்கு? நான் தமிழ்லதான் வாசிச்சேன்" என்று சொல்லிவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கால்மணி நேரம் கிட்டங்கியில் தரையில் இருந்துகொள்ளலாம் என்று தாராளமாக அவகாசம் கொடுத்து அனுப்பிவிட்டார். ஸ்டூல் என்ற பேச்சே எழவில்லை. அன்று இரவு எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மைனி சோற்றுக் கையைத் தூக்கி, "உரிமை!" என்று ஒரு கத்து கத்தினாள். அண்ணன் கையிலிருந்த அப்பளம் கீழே விழுந்தது. "உரிமை! உரிமை! இந்த நாசமாப்போன சொல்லு காலம்பற எங்கன போச்சு?" எழுந்து போய், எழுத்து வெட்டிய தகட்டை எடுத்துச் சுக்கலாகக் கிழித்தாள். முக்காலித் தகட்டை மட்டும் கிழிக்கவில்லை. "அது என் முதுகில்லா" என்றாள்.

அடுத்த வருஷம் வலி தாங்காமல் வேலையை விட்டாள். விட்ட பிறகு அவள் கையில் பிளேடும் பிலிமும் இன்னும் வேகம் பிடித்தன. விழிஞ்ஞத்து மீன்காரப் பெண்கள் வந்தார்கள், ஆஸ்பத்திரித் துப்புரவுப் பெண்கள் வந்தார்கள், பஸ்ஸில் இடிபடுகிற கல்லூரிப் பிள்ளைகள் வந்தார்கள். எல்லோருக்கும் தகடு வெட்டிக் கொடுத்தாள். எதிலும் தன் பெயரைப் போட்டதில்லை. ஏன் மைனி என்று கேட்டேன். "பேரு போட்டா அது என் படம் ஆயிரும். படம் என்னோடதுன்னா கேக்குறதும் நான் மட்டும்தான்னு ஆயிரும்" என்றாள். ஆனால் இத்தனை தகடுகளுக்கும் நடுவே அந்த ஒரு முள் அவளுக்குப் போகவே இல்லை. அந்தக் கடையில் பெண்கள் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். சாலைக்குக் காய் வாங்கப் போனாலும் சுற்றுவழியாகத்தான் போவாள். "ஒரு சொல்லுல தோத்தோம் பிள்ளே, ஒரே ஒரு சொல்லுல" என்பாள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். நான் எழுதும் ஒவ்வொரு வரியும் கம்பெனிக்கே சொந்தம் என்று முதல் நாளே சம்மதித்துவிட்டுத்தான் உள்ளே போனேன். ஞாயிற்றுக்கிழமையானால் நேர் எதிரான இன்னொரு உலகம். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் சுதந்திர மென்பொருள் என்றால் ஒரு ஜுரம்! யாரும் எடுக்கலாம், திறந்து பார்க்கலாம், மாற்றலாம், மாற்றியதை மற்றவருக்குக் கொடுக்கலாம் என்ற அந்த நினைப்பே எங்களுக்குத் தலைக்கேறியிருந்தது. யாரோ ஒருவர் வீட்டு மாடியில் கூடுவோம், ஆளுக்கொரு கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வருவோம், சாயங்காலம்வரை வாதம், தின்னப் பழம்பொரி, மறுபடி வாதம். மென்பொருளுக்கு மட்டும்தானா, படத்துக்கும் எழுத்துக்கும் அப்படி ஓர் உரிமம் போடலாமே என்ற பேச்சு அங்கே வந்தது. அன்றைக்கு பஸ்ஸில் ஆரியசாலை வரும்வரை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததுமே மைனியைப் பிடித்து உட்கார வைத்து எல்லாவற்றையும் கொட்டினேன். ஊரில் ஒட்டிய போராட்டச் சுவரொட்டிகளை ஸ்கேன் செய்து இணையத்தில் ஓர் ஆவணகம் வைக்கப் போகிறோம். யார் வேண்டுமானாலும் எடுத்து அச்சடிக்கலாம், மாற்றலாம். செய்தவர் பெயரைச் சொல்ல வேண்டும், மாற்றியதையும் அதேபோலத் திறந்து வைக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. ஒருவர் எடுத்துக்கொண்டால் மற்றவருக்குக் குறையாது என்று நான் பிரமாதமாக விளக்கிக்கொண்டிருந்தபோது மைனி எழுந்து போய் பீரோ மேலிருந்த எக்ஸ்ரேயை எடுத்து வந்து ஆட்டிக் காட்டினாள். "இதைத்தானே சொல்லுக? ஓட்டை தேயாதுல்லா. எத்தனை பேரு ஒத்தி எடுத்தா என்ன?"

அவ்வளவு சுலபமாக அவளுக்குப் புரிந்தது, எனக்குத்தான் சிக்கல் வந்தது. ஒன்றைத் திறந்து கொடுக்க வேண்டுமென்றால் முதலில் அது உனக்குச் சொந்தமாக இருக்க வேண்டும் என்பது உரிமத்தின் சட்டம். இந்த முக்காலி யாருக்குச் சொந்தம்? வெட்டியது மைனி, எழுத்துத் தகடு இன்னொருத்தியின் கணுக்கால், ஒத்தியது எல்லோரும். "அப்போ எல்லார்ட்டயும் கேட்டுருவோம்" என்று மைனி கிளம்பிவிட்டாள். பாலராமபுரம், நேமம், களியக்காவிளை என்று பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கினோம். பழைய தோழிகளைப் பார்த்ததும் அவள் உரிமத்தை மறந்துவிடுவாள். காப்பி குடித்துக் கதையெல்லாம் பேசித் தீர்த்து, படியிறங்கும்போதுதான் "எட்டி, நம்ம முக்காலியை உலகத்துக்குக் குடுக்கப்போறோம், செரிதானே?" என்று கேட்பாள். ஒருத்திகூட வேண்டாம் என்று சொல்லவில்லை. பெயர் என்ன போடுவது என்ற கேள்விக்கும் வழியில்தான் பதில் கிடைத்தது. "நாம அப்போ என்ன செஞ்சோம்? கவர்தானே மடிச்சோம்?" என்றாள் ஒருத்தி. அதையே வைத்தோம்: கவர் மடித்தவர்கள், ஆரியசாலை. கடை சாலைக் கடைத்தெருவில்தான் இருந்தது. ஆனால் தகடு வெட்டியது எங்கள் மாடியில் என்பதால் மைனி தெருப்பெயரை விட்டுக்கொடுக்கவில்லை. களியக்காவிளைக்காரி தன் கல்யாணச் சேலையை இன்னும் அந்தக் கவருக்குள்ளேயே வைத்திருந்தாள். மடிப்புக் கலையாமல், மை மங்காமல், முக்காலியும் வரியும் அப்படியே இருந்தன. நான் அங்கேயே ஒரு குதி குதித்தேன்.

மைனிக்குக் குதிக்கத் தோன்றவில்லை. வரியைப் பார்த்ததும் முகம் சுண்டிவிட்டது. "இதை மாத்திட்டுப் போடு. அவகாசத்தை எடுத்துட்டு உரிமைன்னு வை. கம்ப்யூட்டர்ல முடியாதா?" என்றாள். முடியும் மைனி, ஆனால் கூடாது என்றேன். அன்றைக்கு ஊருக்குள் போனது எதுவோ அதைத்தான் ஆவணகத்தில் வைக்க வேண்டும். இன்றைக்கு நமக்குப் பிடித்தபடி திருத்தினால் அது ஆவணமே இல்லை. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சமாதானமாக நான் கீழே ஒரு குறிப்பு எழுதினேன், இங்கே அவகாசம் என்பது மலையாளப் பொருளில் உரிமை என்று. அதை வாசித்துவிட்டு, "விளக்கம் சொன்னாத்தான் புரியும்னா பின்னே எதுக்குப் போஸ்டர்?" என்று அதையும் எடுக்கச் சொன்னாள். கடைசியில் மூன்று கோப்புகளாகப் போட்டோம்: கவர் இருந்தபடி ஒன்று, எக்ஸ்ரே தகட்டிலிருந்து முக்காலி மட்டும் ஒன்று, எழுத்து மட்டும் ஒன்று. அவள் அன்றைக்கே இரண்டு தகடாக வெட்டியிருந்தாளே! வேண்டியவர்கள் வேண்டிய வார்த்தையை வைத்துக்கொள்ளட்டும் என்று ஒப்புக்கொண்டாள். வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு பூட்டுப் போடலாமா என்று கேட்டேன். நாளைக்கு ஒரு நாற்காலிக் கடைக்காரன் எடுத்து விளம்பரம் போட்டால்? மைனி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "போடட்டும். அவன் கடையில நிக்கிற பிள்ளையும் அதை வாசிக்கும்லா?"

ஆவணகத்தைத் திறந்து வைத்துவிட்டு நான் தினமும் எட்டிப் பார்ப்பேன். யாரும் வரவில்லை. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்களில் தமிழ் எழுத்தே பாதிப் பேருக்குக் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். மாதங்கள் போயின. ஒரு நாள் ஆபீஸில் மத்தியானம் மெயிலைத் திறந்தால், திருநெல்வேலிக்கும் அப்பால் ஓர் ஊரிலிருந்து கடிதம். அங்கே ஜவுளிக்கடைகளில் வேலை செய்யும் பெண்கள் சேர்ந்து எங்கள் முக்காலியை எடுத்திருக்கிறார்கள். "இருக்க அவகாசம் வேண்டும் என்ற வரியைப் படித்து நாங்கள் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தோம். உட்கார மட்டுமல்ல, மனுஷியாக இருக்கவே எங்களுக்கு நேரமில்லையே. இப்படி எழுத யாருக்குத் தோன்றியது?" என்று கேட்டிருந்தார்கள். வரியை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் கீழே தங்கள் கையால் ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: உட்கார முக்காலியும் வேண்டும். ஊர் முழுக்க ஒட்டினார்களாம். முக்காலி வந்துவிட்டதாம். கூடவே ஒரு போட்டோ. ஆபீஸ் என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். டீம் லீடர் ஓடி வந்தார்.

அரைநாள் லீவு போட்டு, போட்டோவைப் பெரிதாக அச்செடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். மைனி முதலில் கடிதத்தை வாசித்தாள். இரண்டாவது முறை வாசித்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள், கண்ணில் தண்ணீர் வழிந்தது, முந்தானையால் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். "தப்பா எழுதினதுக்கு அர்த்தம் கண்டுபிடிச்சிருக்காளுவளே, கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு!" போட்டோவில் ஒரு கடைக்குள் புத்தம்புது முக்காலிகள் வரிசையாக இருந்தன. பெண்கள் எல்லோரும் போட்டோவுக்காக அவற்றின் பக்கத்தில் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார்கள். மைனி படத்தின் மேல் விரலால் தட்டி, "அய்யோ, ஸ்டூலு வாங்கிட்டும் நிக்குதுகளே! இரிக்கச் சொல்லி எழுதிப்போடு பிள்ளே" என்றாள். படத்தில் அவர்களுக்குப் பின்னால் ஒட்டியிருந்த சுவரொட்டியின் அடியில், நிபந்தனைப்படி, யாரோ பேனாவால் ஒழுங்காக எழுதியிருந்தார்கள்: கவர் மடித்தவர்கள், ஆரியசாலை. அதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. பிறகு எழுந்து சேலையை மாற்றினாள். "வா, சாலைக்குப் போவோம்."

சுற்றுவழியாக இல்லை, நேர்வழியாகப் போனோம். முதலாளி அதே கல்லாவில், தலை நரைத்து, அதே மெத்தை நாற்காலியில் இருந்தார். மேஜைகளுக்குப் பின்னால் புதிய முகங்கள், பழைய நிலை. மைனியை அவருக்கு உடனே அடையாளம் தெரிந்துவிட்டது, "வா மக்களே, சௌக்கியம்தானே?" என்றார். மைனி போட்டோவைக் கல்லா மேல் வைத்தாள். "தமிழ்லதான் எழுதியிருக்கு முதலாளி. வாசிங்க."

அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். வயதானவர்கள் சிலர் வாய்விட்டுத்தான் வாசிப்பார்கள், அவரும் அப்படித்தான். "இருக்க அவகாசம் வேண்டும். உட்கார முக்காலியும் வேண்டும்." கடை முழுக்கக் கேட்டது. முதலாளியின் குரலிலேயே கேட்டது! துணி விரித்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்தினார்கள். அவர் விடாமல் அடுத்த வரியையும் வாசித்தார், கவர் மடித்தவர்கள், ஆரியசாலை. அங்கேதான் நிமிர்ந்தார். "இது எங்கேயோ உள்ள கடையில்லா? நம்ம பக்கத்துத் தெருப்பேரு எப்படி வந்துது?"

"எடுக்கிறவங்க பேரு சொல்லணும், அதான் நியமம்" என்றாள் மைனி. "இனி எந்த ஊர்ல இதை ஒட்டினாலும் அடியில நம்ம தெருப்பேரும் போவும். ஆரு வேணும்னாலும் எடுக்கலாம், ஆரு வேணும்னாலும் கேக்கலாம்."

ஆரியசாலையும் சாலையும் ஒட்டிக் கிடக்கிற தெருக்கள், வியாபாரிக்குத் தெருவின் பெயர் என்றால் சும்மாவா? அவர் முகத்தில் என்னென்னவோ ஓடியது. அவர் பதில் சொல்வதற்குள் கோடி மேஜையில் நின்ற ஒரு பெண், பின்னாலிருந்த சேலைக் கட்டின் மேல் மெதுவாக இருந்தாள். அவள் துணிந்ததைப் பார்த்துப் பக்கத்தில் நின்றவளும் இருந்தாள். வரிசையாக ஒவ்வொருத்தியாக, கட்டுகள் மேலும் அட்டைப்பெட்டிகள் மேலும், கடை மொத்தமும் இருந்தது. முதலாளி வாயைத் திறந்தார். மைனி கையை லேசாகத் தூக்கி, ரொம்ப மரியாதையாகச் சொன்னாள்: "கொஞ்சம் அவகாசம் குடுங்க முதலாளி."

அவர் அவளையே பார்த்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "நீ எந்த அவகாசத்தைச் சொல்லுக?" என்றார். "உங்களுக்கு எது தோதோ அதை எடுத்துக்கிடுங்க" என்றாள் மைனி. அந்த மாதத்துக்குள்ளேயே ஸ்டூல்கள் வந்தன. முக்காலி இல்லை, நாலு கால் உள்ள பச்சைப் பிளாஸ்டிக் ஸ்டூல்கள். எல்லோருக்கும் காணாது, மாறி மாறித்தான் இருக்க வேண்டும். மைனி இப்போது காய் வாங்கப் போனால் நேர்வழியாகத்தான் போகிறாள். போகிற போக்கில் உள்ளே தலையை நீட்டி, இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுப் போகிறாள்.

நான் கழக்கூட்டத்துக்குக் குடிவந்தபோது எக்ஸ்ரேயை அவளே கொண்டுவந்து ஜன்னலில் மாட்டினாள். மூலையில் ஆஸ்பத்திரிக்காரர்கள் எழுதிய அவள் பெயர் மங்கலாக இன்னும் இருக்கிறது. அதை மட்டும் ஆவணகத்தில் மறைத்துப் போட்டிருக்கிறோம். கோப்புகள் இப்போது எங்கெங்கோ போய்விட்டன. யார் யாரோ எடுக்கிறார்கள், எனக்குத் தெரியாத மொழிகளிலெல்லாம் முக்காலிக்குக் கீழே வரி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மைனி வந்தால், ஹாலில் எத்தனை நாற்காலி கிடந்தாலும் ஒன்றை இழுத்துக்கொண்டுபோய், வெளிச்ச முக்காலி தரையில் விழுகிற அதே இடத்தில் போட்டு இருப்பாள். முக்காலி தரையிலிருந்து அவள் மடிக்கு ஏறிவிடும். முதுகை நன்றாகச் சாய்த்துக்கொண்டு, காலை நீட்டிக்கொண்டு, அடுக்களையைப் பார்த்துக் குரல் கொடுப்பாள்.

"காப்பியை மெதுவாப் போடு பிள்ளே. எனக்கு அவகாசம் இருக்கு."